கார்புரேட்டர் மீது விழும் பழி

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது அந்நகரின் இதமான தட்பவெப்பத்துக்குக் காரணமாகப் பள்ளிப் பாடத்தில் சொல்லப்படும் செய்தி. அதே உயரம் கார்புரேட்டர் பொருத்திய பழைய கார் ஒவ்வொன்றின் எஞ்சினையும் ஓயாமல் பாதித்துக்கொண்டிருக்கிறது என்பது பட்டறைகளில்கூட அதிகம் பேசப்படுவதில்லை. பிரிட்டிஷ் காலத்தில் பெங்களூரு கன்டோன்மென்ட்டை நிர்வகித்த குடிமை-இராணுவ நிலையத்தின் கடைசிக் கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ராங்கன் காக்ஸின் பெயரைத் தாங்கி நிற்கும் காக்ஸ் டவுனிலும், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கன்டோன்மென்ட்டின் பிற பகுதிகளிலும் மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசடர் போன்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. அப்படிக் கைமாறிய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தாலும், ஐட்லிங்கில் நிற்காமல் அணைந்துபோனாலும், மாருதி சேவா நகர் மேம்பாலம் ஏறும்போது பிக்கப் இல்லாமல் திணறினாலும், முதலில் குற்றம் சாட்டப்படுவது கார்புரேட்டர்தான். பெரும்பாலும் அது கடைசியில் சந்தேகிக்கப்பட வேண்டிய உறுப்பு. அதைக் குற்றவாளியாகக் காட்டும் அளவுகோல்களோ கடல்மட்டத்தில் வகுக்கப்பட்டவை.

கார்புரேட்டர் செய்யும் வேலை எளிமையானது. பிஸ்டன் கீழிறங்கும்போது உள்ளே பாயும் காற்று, நடுவில் குறுகி மீண்டும் விரியும் ஒரு குழல் வழியாகச் செல்கிறது. இத்தாலிய இயற்பியலாளர் ஜியோவான்னி பட்டிஸ்டா வென்ச்சுரி 1797இல் விளக்கிய காரணத்தால் அதற்கு வென்ச்சுரி என்று பெயர். குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது, வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. பக்கத்திலுள்ள மிதவை அறையில், அதாவது ஃப்ளோட் சேம்பரில், பெட்ரோல் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் நிற்கிறது. அதன் மேற்பரப்பை வெளிக்காற்றின் முழு அழுத்தமும் அமுக்குகிறது. இந்த இரு அழுத்தங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் பெட்ரோலை ஜெட் எனப்படும் நுண்துளை வழியாகத் தள்ளி, காற்றோட்டத்தில் தூவுகிறது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று சொல்வது பட்டறை வழக்கம்; உண்மையில் உறிஞ்சுவது எதுவுமில்லை, வெளியில் இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. தூவும் முறையிலான இந்த வடிவத்தை ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக்கும், ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் 1893ஆம் ஆண்டை ஒட்டித் தனித்தனியே உருவாக்கினர். பிறகு நூறாண்டுகளில் சேர்க்கப்பட்ட ஐடில் ஜெட், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்ப், குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துக் கலவையைச் செறிவாக்கும் சோக் ஆகியவை யாவும் அடிப்படைக் குழலின் குறைகளை ஈடுகட்ட வந்த துணைகளே.

இந்தக் கருவிக்கு ஒரு குருட்டுத்தன்மை உண்டு. எரிவதற்குத் தேவை காற்றின் நிறை; ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். கார்புரேட்டரோ காற்று எவ்வளவு கனமானது என்பதை அறியாது, குழலில் உண்டாகும் அழுத்தக் குறைவை மட்டுமே அறியும். அந்த அழுத்தக் குறைவு காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஜெட் வழியே பாயும் பெட்ரோலின் அளவு அந்த அழுத்தக் குறைவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சென்னையில் சுமார் 1010 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் வளி அழுத்தம் பெங்களூரில் 910ஐ ஒட்டியே இருக்கிறது. வெப்பநிலை சற்றுக் குறைவு என்பதையும் கணக்கில் எடுத்தால், காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்றின் நிறையும் அதே 9 சதவீதம் குறைகிறது. பெட்ரோலோ வர்க்கமூல விதிப்படி நாலரை சதவீதமே குறைகிறது. மிச்சம் நிற்பது, தேவைக்கு மேல் சுமார் 5 சதவீதம் பெட்ரோல். மெக்கானிக்குகள் ரிச் என்று சொல்லும் இந்தச் செறிந்த கலவை, சென்னையில் ட்யூன் செய்யப்பட்டு ஓசூர் வழியாக ஏறி வந்த எந்த வண்டியிலும், எந்த உறுப்பும் பழுதாகாமலே தோன்றிவிடும்.

இதைவிட அதிகம் தவறான தீர்ப்புகளுக்கு இட்டுச்செல்வது அளவு கருவிகளின் காட்டல். பிளக்கைக் கழற்றிய துளையில் பொருத்தி, எஞ்சினைச் சுழற்றி அளக்கும் கம்ப்ரஷன் கேஜ், சிலிண்டருக்குள் வந்த காற்று எவ்வளவு அமுக்கப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. வந்த காற்றே குறைவென்றால் காட்டலும் அதே விகிதத்தில் குறையும். சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ என்று கையேடு சொல்லும் நல்ல எஞ்சின், காக்ஸ் டவுனில் 10.7ஐ ஒட்டித்தான் காட்டும். இந்தக் கணக்கை அறியாதவர் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, எஞ்சினைப் பிரிக்கச் சொல்லிவிடுவார். உள்ளெடுப்புக் குழாயின் வெற்றிடத்தை அளக்கும் வேக்யூம் கேஜுக்கும் இது பொருந்தும்: கடல்மட்டத்தில் ஐட்லிங்கில் 450 முதல் 500 மில்லிமீட்டர் பாதரசம் காட்டும் எஞ்சின், இங்கே சுமார் 75 மில்லிமீட்டர் குறைவாகக் காட்டுவதே இயல்பு. ஆகவே இங்கே கம்ப்ரஷன் கேஜ் காட்டும் எண்ணைவிட சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே முக்கியம். மாருதி 800இன் மூன்று சிலிண்டர்களும் 10.5, 10.6, 10.4 என்று காட்டினால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் 8க்கு இறங்கியிருந்தால் அங்கே உண்மையான நோய் இருக்கிறது. அந்தச் சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடியும் அளக்கும்போது எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு சரியாக அமரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் இடையிலுள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

பழைய கார் வாங்குபவர் இந்தச் சோதனையை முதலில் செய்துகொள்வது நல்லது, ஏனெனில் கம்ப்ரஷன் இல்லாத எஞ்சினில் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பது வீண்வேலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்ப்பதும் அவசியம். வாங்க வருபவர் வருமுன்பே வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கும் விற்பனையாளர், ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கிறார் என்று ஐயப்பட இடமுண்டு. டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தால் இன்னொரு செய்தி கிடைக்கும்: ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்து, மட்டமும் உயர்ந்திருந்தால், கேம்ஷாஃப்ட் அசைவில் இயங்கும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து எரிபொருள் உள்ளே கசிகிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டினால் பேரிங்குகள் கெடும்.

அடுத்து வருவது மின்பொறி. கார்புரேட்டர் கோளாறு என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் இக்னிஷன் கோளாறே மிகுதி என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் பொதுவான கருத்து. மிஸ்ஸிங் எனப்படும் தாளம் தப்பிய ஓட்டம், பெட்ரோல் குறைவாலும் வரும், பொறி குறைவாலும் வரும் என்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். பத்மினி, அம்பாசடர் போன்றவற்றின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கான்டாக்ட் பாயிண்ட் என்ற சிறு சுவிட்ச், ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை திறந்து மூடுகிறது, 0.4 மில்லிமீட்டர் அளவிலான அதன் இடைவெளி தேய்மானத்தால் மாறும்போது பொறியின் வலுவும் நேரமும் சேர்ந்தே மாறுகின்றன. பக்கத்திலுள்ள கன்டென்சர் பழுதானால் பாயிண்ட் கருகும், பொறி நீலமாகத் தெறிக்காமல் மஞ்சளாக மெலியும். மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் மிஸ்ஸிங்குக்குக் கார்புரேட்டரோடு சம்பந்தமே இருக்காது: இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினைப் பார்த்தால், உலர்ந்து வெடித்த ஹை டென்ஷன் வயரின் மேல் நீலநிற மினுக்கம் ஊர்வது கண்ணுக்குத் தெரியும், சிலிண்டருக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே வெளியே ஒழுகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடர்த்தி குறைந்த கலவை சற்று மெதுவாக எரிவதாலும் நாக்கிங் எனப்படும் தட்டல் எளிதில் எழாததாலும், பொறி நேரத்தை ஓரிரு டிகிரி முன்னதாக வைத்துக்கொள்ள இவ்வூரில் இடமுண்டு. உயரம் பழைய எஞ்சினுக்குத் தரும் ஒரு சலுகை இது.

இந்தப் பொறியின் வரலாற்றில் பெங்களூருக்கும் பங்குண்டு. 1951இல் சென்னையில் தொடங்கி, 1953இல் பெங்களூரு ஆடுகோடியில் உற்பத்தியை ஆரம்பித்த மைக்கோ நிறுவனத்தின் ஸ்பார்க் பிளக்குகள்தான் இந்தியக் கார்களில் நீண்டகாலம் மினுக்கின. அந்நிறுவனம் 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. டிஸ்ட்ரிபியூட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சென்னை பாடியிலுள்ள லூகாஸ்-டிவிஎஸ் ஆலையிலிருந்து வந்தன. மாருதிக்கான மிக்குனி வகைக் கார்புரேட்டரை, ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தோடு சேர்ந்து 1985இல் தொடங்கப்பட்ட சென்னையின் யூகால் நிறுவனம் செய்தது.

கழற்றிய பிளக்கைத் தூக்கி எறிந்துவிடாமல் வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். பீங்கான் மூக்கு காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவை செறிவு அல்லது பொறி பலவீனம். பிசுபிசுப்பான கருமை என்றால் ஆயில் மேலேறுகிறது. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது லீன் ஆகி, சூடு மிகுந்திருக்கிறது. எல்லாப் பிளக்கும் ஒரே நிறத்தில் இருந்தால் அவற்றுக்குப் பொதுவான கார்புரேட்டரை ஐயப்படலாம், ஒன்று மட்டும் வேறுபட்டால் அந்தச் சிலிண்டரைத்தான் ஐயப்பட வேண்டும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, கார்புரேட்டருக்குக் கீழே திருட்டுத்தனமாக நுழையும் காற்று. கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கட், உள்ளெடுப்புக் குழாயின் இணைப்பு, பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாய், தேய்ந்த த்ராட்டில் தண்டின் இடுக்கு ஆகிய வழிகளில் புகும் காற்றை எந்த ஜெட்டும் கணக்கில் எடுக்காது. ஐட்லிங் ஏறி இறங்கி ஊசலாடும். சோக்கை இழுத்தால்தான் எஞ்சின் அணையாமல் ஓடும். இணைப்புகளின் மேல் பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் வழக்கம் தீ விபத்துக்கு அழைப்பு. கொஞ்சம் எஞ்சின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டாலே போதும், கசியும் இடம் அடைபடும் கணத்தில் ஓட்டத்தின் ஒலி மாறிவிடும். கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிய, ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஓடும் எஞ்சினின் சோக் தட்டை விரலால் சிறிது மூடிப்பார்ப்பது போதுமானது: ஓட்டம் சீரானால் கலவை லீன், மேலும் திணறினால் ரிச்.

இவையெல்லாம் நேராக இருந்தும் கோளாறு நீடித்தால் மட்டுமே கார்புரேட்டரின் மூடியைத் திறப்பதற்கு நியாயம் உண்டு. திறக்குமுன், எஞ்சினை அணைத்த நிலையில் தொண்டைக்குள் பார்த்தபடி த்ராட்டிலைக் கையால் திருப்பினால், நல்ல நிலையிலுள்ள ஆக்சிலரேட்டர் பம்ப் மெல்லிய, நேரான பெட்ரோல் கீற்று ஒன்றைப் பீய்ச்சும். கீற்று வந்தால் மிதவை அறையில் பெட்ரோல் இருக்கிறது, பம்ப் டயாஃப்ரமும் உயிரோடிருக்கிறது. சொட்டு மட்டும் வந்தால், காலை அழுத்தியதும் வண்டி ஒரு கணம் தயங்கும் ஜர்க்குக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஓடும்போது நன்றாக இருந்து ஐட்லிங்கில் மட்டும் அணையும் வண்டியில், இக்னிஷன் சாவியைத் திருப்பும்போது கார்புரேட்டரின் பக்கவாட்டில் டிக்கென்று ஓர் ஒலி கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்க்க வேண்டும். அது ஐடில் வழியைத் திறக்கும் சிறு மின்காந்த வால்வின் ஒலி. ஒலி இல்லையென்றால் வயர் கழன்றிருக்கலாம், அதைச் செருகுவதோடு வேலை முடியும்.

ஒலி இருந்தும் ஐட்லிங் இல்லையென்றால் ஐடில் ஜெட் அடைபட்டிருக்கும். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மிதவை அறையின் அடியில் வார்னிஷ் போன்ற பழுப்புப் பிசினாக உறைகிறது; அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையை அடைக்க அதில் ஒரு துணுக்கே போதும். இங்கேதான் பட்டறைகளின் மிகப் பழைய தவறு நிகழ்கிறது. சைக்கிள் பிரேக் கம்பியின் இழை ஒன்றை உருவி, ஜெட்டின் துளையில் விட்டுக் குடைவார்கள். ஜெட் பித்தளையால் ஆனது, கம்பி எஃகு. 0.45 மில்லிமீட்டர் துளை 0.50 ஆனால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால் பெட்ரோல் 23 சதவீதம் கூடிவிடும். அதற்குப் பிறகு அந்த வண்டியில் எந்தத் திருகைத் திருகினாலும் மைலேஜ் திரும்பாது. கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, அழுத்தக் காற்றால் ஊதுவதே முறை.

செறிவுப் பக்கத்துக் கோளாறுகளில் மிதவை அறைக்கே முதலிடம். மிதவை உயரும்போது ஊசி வால்வு பெட்ரோல் வரத்தை அடைக்க வேண்டும். ஊசியின் கூம்பு முனையில் தேய்மான வளையம் விழுந்திருந்தாலோ, மிதவை ஓட்டையாகிப் பாதி மூழ்கியிருந்தாலோ, மட்டம் ஏறி, ஓவர்ஃப்ளோ ஆகித் தொண்டைக்குள் வழியும். மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் ஒலி கேட்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையிலிருந்து குமிழி கிளம்பும். முழுதாகத் திறக்காத சோக் தட்டும், தூசி அடைத்த ஏர் ஃபில்டரும் இதே அறிகுறிகளைத் தரும் என்பதால், ஐம்பது ரூபாய் வேலையை முதலில் பார்த்துவிட்டு ஐந்தாயிரம் ரூபாய் வேலைக்குப் போவது புத்திசாலித்தனம்.

சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாத தொல்லை வேறு வகை. நெரிசலில் ஊர்ந்துவந்து நிறுத்திய எஞ்சினில் காற்றோட்டமும் நீரோட்டமும் நின்றதும் சூடு மேலேறி, கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலைக் கொதிக்கவைக்கிறது. பெங்களூரில் தண்ணீரே 97 டிகிரியில் கொதித்துவிடுவதுபோல, குறைந்த வளி அழுத்தத்தில் பெட்ரோலும் சில டிகிரி முன்னதாகவே ஆவியாகத் தொடங்குகிறது. ஆவி, குழாயில் இருந்தால் பம்ப் தள்ள முடியாத அடைப்பாகிறது. தொண்டையில் இருந்தால் கலவை அளவுமீறிச் செறிகிறது. ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிப்பது நிலைமையை மோசமாக்கும். முழுதாக ஒருமுறை மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்வதே வழி.

இத்தனை ஊகங்களையும் எண்களால் சரிபார்க்கும் வசதி பெட்ரோல் பங்க் ஓரத்தில் இருக்கும் மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனை வேனில் கிடைக்கிறது. அங்கே தரும் பியூசி சீட்டு எஞ்சினின் இரத்தப் பரிசோதனை அறிக்கை. பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் அளவும் வரம்பு. மோனாக்சைடு மட்டும் உயர்ந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. மோனாக்சைடு குறைந்து ஹைட்ரோகார்பன் எகிறியிருந்தால் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது, அதாவது பொறி தவறுகிறது அல்லது கலவை பற்றாத அளவுக்கு லீன் ஆகிவிட்டது. வரம்புக்குள் வந்ததும் சீட்டை மடித்து டேஷ்போர்டில் வைத்துவிடுவதால், அந்த இரண்டு எண்கள் சொல்லும் செய்தியைப் பெரும்பாலோர் படிப்பதில்லை.

அண்மைக்காலத்தில் இந்தக் கணக்கையே மாற்றியமைத்திருப்பது எத்தனால். 2022 ஜூனில் நாடு முழுவதும் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 20 சதவீதக் கலப்பான இ20, 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில்தான் அறிமுகம் செய்துவைக்கப்பட்டது. எத்தனால் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரிய ஒன்பது பங்கு காற்றே போதும், ஆகவே 14.7 என்ற விகிதம் 10 சதவீதக் கலப்பில் சுமார் 14.1க்கும், இ20இல் சுமார் 13.5க்கும் இறங்குகிறது. பழைய ஜெட் அதே அளவு எரிபொருளையே தருவதால், கலவை முறையே சுமார் 4 சதவீதமும் 8 சதவீதமும் லீன் ஆகிறது. சென்னையிலுள்ள பத்மினி இந்த இழப்பை முழுதாகச் சுமக்க வேண்டும். காக்ஸ் டவுனிலுள்ள பத்மினிக்கோ உயரம் ஏற்கெனவே 5 சதவீதம் செறிவைக் கொடுத்திருக்கிறது. 10 சதவீத எத்தனால் காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, பெட்ரோலுக்கென்று செய்யப்பட்ட கார்புரேட்டர் தற்செயலாகச் சரியான கலவையைத் தந்தது. இ20 வந்தபின் மூன்று அல்லது நான்கு சதவீதப் பற்றாக்குறை எஞ்சுகிறது. எத்தனாலின் மற்றத் தீமைகளுக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது: பழைய ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரங்களையும் அது கெடுக்கும், டேங்கின் சுவரில் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருந்த பிசினைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கார்புரேட்டரின் உலோக உடலில் வெண்ணிறப் பொருக்கை உண்டாக்கும்.

இக்காரணங்களால் சிலர் ஜே.சி. ரோட்டிலோ சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகளிலோ மாற்றுக் கார்புரேட்டர் தேடிச் செல்கின்றனர். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் இரண்டு கார்புரேட்டர்களின் ஜெட்கள் வேறாக இருக்கலாம்; சோலெக்ஸ் வகைக் கார்புரேட்டரின் ஜெட் தலையில் பொறித்திருக்கும் 110 என்ற எண் 1.10 மில்லிமீட்டர் துளையைக் குறிப்பது, அந்தத் துளையை யாரும் குடைந்திருக்கவில்லை என்பதற்கு அந்த எண் உத்தரவாதமாகாது. தன் வண்டியின் பழைய கார்புரேட்டரையே சுத்தம் செய்து, புது கேஸ்கட்டும் ஊசி வால்வும் போட்டு, எஞ்சின் முழுதாகச் சூடேறிய பிறகு, சோக் திறந்து, ஏர் ஃபில்டரைப் பொருத்திய நிலையில் மிக்ஸ்சர் திருகை ட்யூன் செய்வது பெரும்பாலும் மலிவான வழி: திருகை மெதுவாக அடிவரை இறுக்கி, ஒன்றரைச் சுற்று தளர்த்தி, அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்தி, ஐட்லிங் அதிகம் ஏறும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்தத் திருகு ஐட்லிங்கை மட்டுமே ஆளும், ஓடும் வேகத்துக் கலவை மெயின் ஜெட்டின் கையில் இருக்கிறது. சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போதும் வண்டி தயங்கித் தயங்கி இழுத்து, பிளக்குகள் எல்லாம் ஒன்றுபோல் வெளுத்திருந்தால், 110க்குப் பதில் அடுத்த அளவான 112.5 போட்டுப் பார்க்கலாம். விட்டத்தில் இரண்டேகால் சதவீதக் கூடுதல் பரப்பில் நாலரை சதவீதமாகிறது, இ20 விட்டுச்சென்ற பற்றாக்குறையை ஈடுகட்ட இவ்வூரில் அதுவே போதும்.